ஜீப் வண்டியின் கியர்ப் பெட்டி ஒலிகள்: காரணம் கண்டறியும் முறை

நாட்டின் வளர்ச்சிப் பணிகளில் ஜீப் வண்டிக்குள்ள பங்கு சிறிதன்று. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 55 பகுதிகளில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் பின்னர் வட்டார வளர்ச்சி அலுவலரும், மலேரியா ஒழிப்புப் பணியாளரும், வன அலுவலரும், நில அளவையாளரும் சாலையற்ற சிற்றூர்களைச் சென்றடைவதற்கு இவ்வண்டியே துணையாக நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த வண்டிகளை 1940களின் இறுதியிலிருந்து மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் இணைத்து உருவாக்கிற்று. பிற்காலத்தில் அவற்றை இந்நாட்டிலேயே உற்பத்தி செய்தது. அவ்வகை வண்டிகளில் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்கு ஏறுவோர் இன்றும் ஜீப்பையே நம்பியுள்ளனர்.

கொச்சியிலுள்ள இடக்கொச்சி போன்ற ஓரிடத்தில் வைக்கப்பட்டுள்ள பழைய ஜீப் இருவேறு உலகங்களில் உழைக்க வேண்டியதாகிறது. தோப்பும்படிக்கும் அரூருக்கும் இடைப்பட்ட இப்பகுதியைக் காயல் நீர் சூழ்ந்துள்ளது. நிலம் தாழ்வானது, ஓதம் மிகும் நாட்களில் உப்பு நீர் தெருக்களிலும் ஏறுவதுண்டு. அதே வண்டி மதுரைச் சாலையில் கிழக்கே சென்றால், நேரியமங்கலத்தைக் கடந்ததும் மலையேற்றம் தொடங்குகிறது. அடிமாலி, மூணாறு வழியாக ஏறி, போடிநாயக்கனூர்ப் பக்கம் இறங்கும் வரை கியர்ப் பெட்டிக்கு ஓய்வில்லை. உப்பு நீர் பேரிங்குகளை அரிக்கிறது. மலைச்சாலை பற்சக்கரங்களைத் தேய்க்கிறது. இவ்விரு கேடுகளும் முதலில் ஒலியாகவே வெளிப்படுகின்றன.

ஒலி கேட்டவுடன் பெட்டியை இறக்கிப் பிரித்துவிடுவது பல பணிமனைகளில் வழக்கமாயுள்ளது. இது பெரும்பாலும் வீண் செலவு. ஒலி எந்நிலையில் பிறக்கிறது, எந்நிலையில் மறைகிறது என்பதை முதலில் ஒழுங்காகக் குறித்துக்கொண்டால், பழுதுற்ற உறுப்பை ஒரு திருகும் கழற்றாமலே பெரும்பாலும் சுட்டிக்காட்டிவிடலாம். அம்முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பெட்டியின் அமைப்பு

பழைய ஜீப்புகள் பலவற்றில் டி-90 எனப்படும் மூன்று கியர்ப் பெட்டியும், அதன் பின்புறத்தில் ஸ்பைசர் 18 எனப்படும் டிரான்ஸ்பர் பெட்டியும் அமைந்துள்ளன. இவ்விரண்டின் உட்புறத்தையும் மனத்தில் வரைந்துகொள்ளாமல் ஒலியை ஆராய்தல் இயலாது.

கிளச்சிலிருந்து வரும் சுழற்சியை முன்தண்டு பெற்றுக்கொள்கிறது. அதன் முனையிலுள்ள பற்சக்கரம், கீழே அமைந்த கிளஸ்டர் கியரை எப்பொழுதும் சுழற்றிக்கொண்டிருக்கும். கிளஸ்டர் என்பது பல பற்சக்கரங்கள் ஒரே துண்டாக அமைந்த தொகுதி. முன்தண்டுக்கு நேர் பின்னே பிரதான தண்டு உள்ளது. அதன் முன்முனை, முன்தண்டின் குழிக்குள் சிறு உருளைகளின் மேல் தங்கியுள்ளது. பின்பகுதியைக் குண்டு பேரிங் ஒன்று தாங்குகிறது.

முதற் கியரிலும் இரண்டாம் கியரிலும் விசையானது முன்தண்டிலிருந்து கிளஸ்டருக்கு இறங்கி, மீண்டும் பிரதான தண்டுக்கு ஏறுகிறது. மூன்றாம் கியரில் முன்தண்டும் பிரதான தண்டும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. விசை நேராகச் சென்றுவிடுகிறது. அப்பொழுதும் கிளஸ்டர் சுழல்கிறது. ஆனால் அதன் மீது சுமையில்லை. இவ்வேற்றுமையே நோயறிவதற்கு முதல் திறவுகோல். முதற் கியரில் என்ஜின் ஏறத்தாழ 2.8 முறை சுழலும்போது பிரதான தண்டு ஒரு முறை சுழலும். இரண்டாம் கியரில் இவ்விகிதம் 1.55, மூன்றாம் கியரில் 1.

டிரான்ஸ்பர் பெட்டியின் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. பிரதான தண்டின் பின்முனையிலுள்ள பற்சக்கரம், நடுவிலுள்ள இடைச்சக்கரத்தைச் சுழற்ற, அது வெளித்தண்டின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. உயர்நிலையானாலும் தாழ்நிலையானாலும் விசை இடைச்சக்கரத்தின் வழியாகவே சென்றாக வேண்டும். நேர்வழி இங்கு இல்லை. ஆதலின் இவ்வகை ஜீப்பில் ஓரளவு ஊளை ஒலி இயல்பாகவே இருக்கும். அதனைப் பழுது எனக் கொள்ளலாகாது. இடைச்சக்கரம் தன் தண்டின் மீது ஊசி உருளைகளால் தாங்கப்படுகிறது. அவ்வுருளைகளும் தண்டும் தேய்ந்துபோதல் பழைய ஜீப்புகளில் அடிக்கடி காணப்படும் பழுதாகும்.

சுருதியும் தாளமும்

கியர் ஒலிகளை இரண்டாகப் பகுக்கலாம்: சுருதியுடைய ஒலி, தாளமுடைய ஒலி. ஊளை, முனகல், இரைச்சல் ஆகியவை முதல் வகை. ஒவ்வொரு பல்லும் அடுத்த சக்கரத்தின் பல்லைச் சந்திக்கும்போது ஒரு சிறு அதிர்வு உண்டாகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான அதிர்வுகள் சேர்ந்து காதுக்கு ஒரே சுரமாகத் தோன்றுகின்றன. தட்டு, கிளிக் எனும் ஒலிகள் இரண்டாம் வகை. ஒரு பல் உடைந்திருந்தாலோ, ஒரு குண்டில் பள்ளம் விழுந்திருந்தாலோ, சுழற்சிக்கொரு முறை அல்லது குறித்த சில முறை அடி விழுகிறது. சுருதி சக்கரத்தின் பொதுத் தேய்மானத்தைக் காட்டும்; தாளம் ஓரிடத்துக் காயத்தைக் காட்டும்.

இதனை எண்களால் விளக்கலாம். 6.00-16 அளவுள்ள டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் உருள்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 5 முறை சுழலும். பின்னச்சின் பல்விகிதம் 43க்கு 8, அதாவது ஏறத்தாழ 5.38 ஆதலின், புரொப்பெல்லர் தண்டு நொடிக்கு 27 முறை சுழல வேண்டும். அவ்வேகத்தில் சுழலும் சக்கரமொன்றுக்கு 20 பற்கள் உள்ளன எனக் கொண்டால், நொடிக்கு 540 அதிர்வுகள் உண்டாகும். இது தெளிவாகக் கேட்கக்கூடிய ஊளை. வேகம் பாதியானால் அதிர்வும் பாதியாகும். சுரம் ஒரு ஸ்தாயி இறங்கும்.

இதிலிருந்து மிகப் பயனுள்ள விதியொன்று பெறப்படுகிறது. வண்டியின் வேகத்தை மாற்றாமல், இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றினால் என்ஜினும் முன்தண்டும் வேகம் குறைகின்றன. பிரதான தண்டும் அதற்குப் பின்னுள்ளவையும் முன்போலவே சுழல்கின்றன. ஆகவே கியர் மாற்றியும் சுருதி மாறாதிருந்தால் ஒலி பிரதான தண்டுக்குப் பின்னே பிறக்கிறது. கியரோடு சுருதியும் இறங்கினால் ஒலி முன்தண்டு, கிளஸ்டர், கிளச்சு, என்ஜின் ஆகியவற்றைச் சார்ந்தது. காது ஒன்றே கருவியாகக் கொண்டு செய்யத்தக்க சோதனை இது.

சோதனைக்கு முன்

முதலில் எண்ணெய் மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் குறைந்த பெட்டி எவ்வளவு நல்ல நிலையிலிருந்தாலும் இரையும். கியர்ப் பெட்டிக்கும் டிரான்ஸ்பர் பெட்டிக்கும் தனித்தனித் திருகடைப்புகள் உள்ளன; இரண்டையும் பார்க்க வேண்டும். பின்னர் பெட்டியைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகளையும், இணைப்புப் போல்ட்டுகளையும் ஆராய வேண்டும். தளர்ந்த தாங்கி, சிறு ஒலியைச் சட்டம் முழுவதும் பரப்பிப் பெரிதாக்கிக் காட்டும்.

சோதனை செய்பவர் வேட்டி, துண்டு முதலிய தொங்கும் உடைகளுடன் சுழலும் தண்டுகளுக்கு அருகே செல்லலாகாது. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் வேண்டும். ஒரே ஓர் அச்சை மட்டும் ஜாக்கியில் உயர்த்தி, நான்கு சக்கர இயக்கத்தை இணைத்து என்ஜினை ஓட்டுவது பேராபத்து. தரையிலுள்ள அச்சு வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். ஒலியின் இடத்தைக் கேட்டறிய நீண்ட திருப்புளியின் முனையைப் பெட்டியின் மீதும், கைப்பிடியைக் காதருகேயுள்ள எலும்பின் மீதும் வைத்துக் கேட்பது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். திண்மப் பொருளின் வழியே ஒலி நன்கு பரவுதலின் இம்முறை பயன் தருகிறது. ஆனால் இதனை வண்டி நிற்கும்போது மட்டுமே செய்யலாம்.

நின்ற நிலையில் மூன்று சோதனைகள்

முதற் சோதனை: கியர் நியூட்ரலில் இருக்க, கிளச்சு மிதியை விட்டுவிட்டு என்ஜினை ஓட்டுக. இப்பொழுது முன்தண்டும் கிளஸ்டரும் சுழல்கின்றன. பிரதான தண்டு அசைவற்றிருக்கிறது. கரகரப்பு கேட்டு, மிதியை அழுத்தியவுடன் அது மறையுமாயின், முன்தண்டின் பேரிங்கையோ கிளஸ்டரின் தாங்கிகளையோ ஐயுறலாம். மெதுவான ஓட்டத்தில் மட்டும் கேட்கும் இலேசான கடகடப்பு, என்ஜினின் சீரற்ற துடிப்பால் பற்கள் ஒன்றையொன்று தட்டுவதனால் உண்டாவது. வேகம் சிறிது கூடியதும் மறைந்தால் அதற்குச் சிகிச்சை வேண்டியதில்லை.

இரண்டாம் சோதனை: மிதியை அழுத்துக. முன்பு இல்லாத ஒலி இப்பொழுது தோன்றினால் அது கியர்ப் பெட்டிக்குரியதன்று. கிளச்சை விடுவிக்கும் பேரிங்கோ, ஃபிளைவீலின் நடுவில் முன்தண்டைத் தாங்கும் புஷ்ஷோ தேய்ந்துள்ளது. மிதியின் மேல் காலை இலேசாக வைத்த அளவிலேயே கீச்சொலி எழுந்தால் விடுவிக்கும் பேரிங் என்பது ஏறக்குறைய உறுதி.

மூன்றாம் சோதனை: டிரான்ஸ்பர் பெட்டியின் நெம்புகோலை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கை பிரேக்கை இழுத்து, கியரை மூன்றாம் நிலையில் இட்டுக் கிளச்சை மெல்ல விடுக. வண்டி நகராது; ஆனால் பிரதான தண்டும், டிரான்ஸ்பர் பெட்டியின் முதற்சக்கரமும், இடைச்சக்கரமும் சுழலும். முதற் சோதனையில் அமைதியாயிருந்த வண்டி இப்பொழுது முனகினால், பிரதான தண்டின் பின் பேரிங் அல்லது இடைச்சக்கரத்தின் ஊசி உருளைகள் பழுதுற்றிருத்தல் கூடும். திருப்புளி முனையை ஒவ்வொரு பெட்டியின் மீதும் மாற்றி வைத்துக் கேட்டால் எது என்பது தெளிவாகும். டிரான்ஸ்பர் பெட்டிக்குத் தனி நியூட்ரல் இருத்தலின் பயன்களுள் இச்சோதனையும் ஒன்று. சாதாரண மோட்டார் வண்டியில் இது இயலாது.

ஓடும் நிலையில்

போக்குவரத்தற்ற சமதரைச் சாலையில், முன்னச்சை இணைக்காமல், மூன்று கியர்களிலும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.

முதலிலும் இரண்டிலும் கேட்டு, மூன்றில் மறையும் ஒலி கிளஸ்டரின் தாங்கிகளையோ, பிரதான தண்டின் முன்முனையிலுள்ள சிறு உருளைகளையோ குறிக்கும். மூன்றாம் கியரில் கிளஸ்டருக்குச் சுமையில்லை. முன்முனை உருளைகளோ இரு தண்டுகளும் சேர்ந்து சுழலுவதால் ஓய்ந்திருக்கின்றன.

ஒரே ஒரு கியரில் மட்டும் கேட்கும் ஒலி, அந்தச் சக்கர இணையின் பற்களைக் குறிக்கும். ஆனால் முதற் கியரும் பின்னோக்குக் கியரும் சற்று உரக்க ஒலிப்பது இயல்பு. நகர்ந்து சென்று பொருந்தும் சக்கரங்களில் பற்கள் பொதுவாக நேராக வெட்டப்பட்டிருக்கும்; சாய்வாக வெட்டிய பற்களைப் போல அவை ஒன்றன்பின் ஒன்றாக மெல்லத் தழுவுவதில்லை.

மூன்று கியர்களிலும் கேட்டு, வண்டி நிற்கும்போது நியூட்ரலில் கேளாத ஒலி, பிரதான தண்டின் பின் பேரிங்கையோ, டிரான்ஸ்பர் பெட்டியையோ, அதற்குப் பின்னுள்ளவற்றையோ சுட்டும். இவற்றைப் பிரித்தறிய, சமதரையில் கிளச்சை அழுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியை உருளவிடலாம். என்ஜினை அணைத்தலாகாது, இறக்கத்தில் இச்சோதனை செய்தலும் கூடாது. சக்கரங்கள் டிரான்ஸ்பர் பெட்டியைப் பின்னிருந்து சுழற்றுவதால் அதன் ஒலி தொடரும். ஆனால் சுமை நீங்கியதால் தணியும்.

இழுக்கும்போது ஒருவகையாகவும், ஆக்சிலரேட்டரை விட்டதும் வேறு வகையாகவும் ஊளை மாறினால், பற்களின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துள்ளது என்பது பொருள். பேரிங்கின் கரகரப்பு இவ்வளவு கூர்மையாக மாறுவதில்லை.

கியர் மாற்றும்போது மட்டும் எழும் அரைப்பொலி வேறு வகையைச் சார்ந்தது. டி-90 பெட்டியில் இரண்டுக்கும் மூன்றுக்குமே வேகத்தைச் சமனாக்கும் வளையங்கள் உள்ளன. ஓடும் வண்டியை முதற் கியருக்குக் கொண்டுவரும்போது அரைத்தால் அது பெரும்பாலும் ஓட்டுநரின் கைப்பழக்கமேயன்றிப் பழுதன்று. இரண்டிலோ மூன்றிலோ அரைத்தால் வளையங்கள் தேய்ந்தனவாகவோ, கிளச்சு முழுவதும் விடுபடாததாகவோ இருக்கும்.

பெட்டிக்குப் புறம்பான ஒலிகள்

கியர்ப் பெட்டி பழியேற்கும் ஒலிகளுள் பல அதற்குரியன அல்ல. மண்பாதைக்குரிய ஆழ்பள்ள டயர்கள் தார்ச்சாலையில் ஊளையிடும். மண்சாலைக்கு இறங்கியவுடன் அவ்வொலி மாறிவிடும். கியர் ஒலி சாலையின் தரையைப் பொறுத்து மாறுவதில்லை. ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்பர் பெட்டியிலிருந்து புறப்படுதலின் அதன் டிக்டிக் ஒலி பெட்டியிலிருந்து வருவது போலத் தோன்றும். கேபிளைக் கழற்றி ஓட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

முன்னச்சை இணைக்காதபோதும், தனிப் பூட்டு மூடிகள் பொருத்தப்படாத ஜீப்பில், முன் சக்கரங்களோடு முன் புரொப்பெல்லர் தண்டும் சுழன்றுகொண்டேயிருக்கும். அதிலுள்ள கிராஸ் மூட்டு தேய்ந்திருப்பின் இருசக்கர இயக்கத்திலும் தட்டும். முன் புரொப்பெல்லர் தண்டை மட்டும் கழற்றிவைத்து ஓட்டினால் ஐயம் தீரும். பின் தண்டைக் கழற்றுவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பல பழைய ஜீப்புகளில் கை பிரேக் பின் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் வெளித்தண்டில் உள்ளது. தண்டு கழன்றாலும் அதன் மூட்டு முறிந்தாலும், கை பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் வண்டி நில்லாது. தட்டும் கிராஸ் மூட்டை அலட்சியம் செய்தலாகாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

மற்றொரு தவறு உறுப்பில் இல்லை, பழக்கத்தில் உள்ளது. இவ்வகை ஜீப்பில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே வேகவேறுபாட்டை ஏற்கும் டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் கூடுதலான தூரம் உருள வேண்டும். சேற்றிலும் மணலிலும் சக்கரங்கள் சிறிது வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் அதற்கு வழியில்லை. தண்டுகள் முறுக்கேறி, பெட்டி முனகி, நெம்புகோல் விடுபடாமல் இறுகிவிடும். முன்னும் பின்னும் அளவு வேறுபட்ட டயர்களை மாட்டினாலும் இதே விளைவுதான். வண்டியைச் சிறிது தூரம் பின்னோக்கிச் செலுத்தினாலோ மண்தரைக்கு இறக்கினாலோ முறுக்கு நீங்கும். நெம்புகோலைச் சுத்தியலால் அடித்தல் தகாது.

எண்ணெய் கூறும் செய்தி

ஓட்டச் சோதனை முடிந்ததும், பெட்டி சூடாயிருக்கும்போதே எண்ணெயைச் சுத்தமான வெள்ளைப் பாத்திரத்தில் வடித்துப் பார்த்தல் வேண்டும். எண்ணெயில் மிதக்கும் பொன்னிறத் துகள்கள் பித்தளை, வெண்கல உறுப்புகளின் தேய்மானத்தைக் காட்டும். வேகச் சமன் வளையங்களும் உந்து வளையங்களும் அவ்வுலோகங்களால் ஆனவை. காந்தத்தில் ஒட்டும் நுண்ணிய சாம்பல் நிறப் பசை பழைய பெட்டியில் இயல்பு. காந்தத்தில் ஒட்டும் செதில்களும் சில்லுகளும் பற்களோ பேரிங்குகளோ உரிந்துவருவதைத் தெரிவிப்பன. அவ்வண்டியை மேலும் ஓட்டலாகாது.

இடக்கொச்சி, கும்பளங்கி போன்ற காயற்கரைப் பகுதிகளில் பால் கலந்தாற்போன்ற வெளிறிய எண்ணெயை எதிர்பார்த்தே பார்க்க வேண்டும். அது நீர் புகுந்ததன் அடையாளம். நீர் எவ்வாறு புகுகிறது? ஓடிய பெட்டியினுள் காற்று 80 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் இருக்கிறது எனக் கொள்வோம். அது 30 டிகிரியுள்ள ஓதநீரில் இறங்கினால் உட்காற்று குளிர்ந்து, அதன் அழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைகிறது. சுவாசத் துளை அடைபட்டிருந்தால் வெளிநீர் தேய்ந்த ஆயில் சீலின் விளிம்பு வழியாக உள்ளே உறிஞ்சப்படுகிறது. உப்பு நீர் பேரிங்கின் பளபளப்பான பாதையில் துருப்பிடிக்கச் செய்து நுண்குழிகளை உண்டாக்கும். சில வாரங்கள் கழித்து அக்குழிகளே கரகரப்பாக ஒலிக்கும். வெள்ளம் வடிந்த அன்றே எண்ணெயை மாற்றுவது ஒரு பேரிங்கின் விலையை மிச்சப்படுத்தும். வண்டியை ஓரிரவு அசையாமல் நிறுத்தி, மறுநாள் வடிதிருகைச் சிறிது தளர்த்தினால், நீர் எண்ணெயினும் கனமானதாகையால் முதலில் நீரே கசியும்.

புதிய எண்ணெய் எஸ்.ஏ.இ. 90 தடிப்புடையதாக இருத்தல் வேண்டும். ஜி.எல்.-4 தரம் கியர்ப் பெட்டிக்கு ஏற்றது. பின்னச்சுக்கென விற்கப்படும் ஜி.எல்.-5 எண்ணெய்களில் உள்ள கந்தகச் சேர்க்கைகள் சில, பித்தளை வளையங்களுக்குக் கேடு செய்யக்கூடும். ஒலியை அடக்குவதற்காக மிகத் தடித்த எண்ணெயையோ, மரத்தூளையோ இடும் தீய வழக்கமும் உண்டு. பழைய வண்டி விற்கப்படும்போது இத்தகைய ஏமாற்று நிகழ்வதால், வாங்குவோர் எண்ணெயை வடித்துப் பார்த்த பின்னரே வண்டியின் மௌனத்தை நம்ப வேண்டும். சப்தத்தை மூடிவைத்தல் நோயைத் தீர்த்தலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு

இடக்கொச்சியில் ஓர் அலுவலக ஜீப், மழைக்காலத்திற்குப் பின் உரக்க ஊளையிடத் தொடங்கியது எனக் கொள்வோம். கியர்ப் பெட்டியை இறக்க வேண்டும் என்பது ஓட்டுநரின் எண்ணம். சோதனைகள் வரிசையாகச் செய்யப்படுகின்றன.

நின்ற வண்டியில், நியூட்ரலில் ஒலியில்லை. ஆதலின் முன்தண்டின் பேரிங் நீங்கிற்று. மிதியை அழுத்தியும் ஒலியில்லை, கிளச்சு நீங்கிற்று. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றியும் சுருதி மாறவில்லை, கிளஸ்டரும் நீங்கிற்று. தார்ச்சாலையிலும் மண்சாலையிலும் ஒலி ஒன்றே, டயர்கள் நீங்கின. கியரை நியூட்ரலாக்கி உருளவிட்டபோது ஒலி தணிந்தது, ஆனால் மறையவில்லை. இறுதியாக, டிரான்ஸ்பர் பெட்டி நியூட்ரலில் இருக்க மூன்றாம் கியரில் என்ஜினை ஓட்டியபோது, நின்ற வண்டியிலேயே முனகல் கேட்டது. திருப்புளி முனை டிரான்ஸ்பர் பெட்டியின் நடுப்பகுதியில் மிகுந்த ஒலியைக் காட்டிற்று. வடித்த எண்ணெய் வெளிறியிருந்தது.

எஞ்சியிருப்பது இடைச்சக்கரத்தின் தண்டும் ஊசி உருளைகளுமே. டிரான்ஸ்பர் பெட்டியின் அடிமூடியைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் அசைத்து அதன் தளர்ச்சியை நேரில் காணலாம். கியர்ப் பெட்டியின் உட்பகுதியைத் தொடவேண்டிய தேவையே எழவில்லை. தண்டையும் உருளைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த தண்டின் மேல் புதிய உருளைகளை இட்டால் அவை விரைவில் அழியும்.

எப்பொழுது நிறுத்துவது

எல்லா ஒலிகளுக்கும் ஒரே அவசரம் இல்லை. நெடுநாளாக மாறாதிருக்கும் ஊளையுடன், எண்ணெயைக் கவனித்துக்கொண்டு, வண்டியைத் தொடர்ந்து ஓட்டலாம். ஆனால் கீழ்க்கண்டவற்றுள் எது தோன்றினாலும் மலைப்பயணத்தைத் தொடங்கலாகாது: திடீரெனத் தோன்றி நாளுக்குநாள் வளரும் கரகரப்பு, சீரான தட்டு, எண்ணெயில் உலோகச் சில்லுகள், தானே நழுவி நியூட்ரலுக்கு வரும் கியர்.

இவற்றுள் இறுதியானதே மிகக் கொடியது. இறக்கத்தில் கியர் நழுவினால் என்ஜினின் தடுப்பு ஆற்றல் அந்நொடியே போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். அடிமாலி இறக்கத்தில் இது உயிருக்கே கேடாகும். கையால் நெம்புகோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது தீர்வன்று. தேய்ந்த பற்கள், வலுவிழந்த பிடிவில், தண்டின் மிகையான முன்பின் அசைவு ஆகியவற்றைச் சரிசெய்த பின்னரே வண்டியை மலைக்கு அனுப்ப வேண்டும்.

வண்டியின் பதிவேட்டில் ஒலிக்கென ஒரு பக்கம் ஒதுக்குதல் நன்று. நாள், ஓடிய தூரம், எந்தக் கியரில், எந்த வேகத்தில், சுமையிலா சுமையின்றியா, எண்ணெய் எவ்வாறிருந்தது என்பவற்றைக் குறித்துவைத்தால், ஓட்டுநர் மாறினாலும் வண்டியின் வரலாறு மாறாது. மெக்கானிக்குக்கு “சத்தம் வருகிறது” என்பதைவிட “இரண்டில் வருகிறது, மூன்றில் இல்லை” என்பது பன்மடங்கு பயனுள்ள செய்தியாகும்.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்தை வகுப்பில் விளக்க ஜீப் கட்டாயமன்று. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தின் கம்பிகளில் தடித்த அட்டையொன்று படுமாறு பிடித்துச் சுழற்றினால், வேகம் கூடக் கூடச் சுருதி உயர்வதை மாணவர் கேட்டறிவர். ஒரு கம்பியில் மட்டும் சிறு துணியைக் கட்டினால் சுருதியோடு தாளமும் சேர்ந்து ஒலிக்கும்.

ஜீப் கிடைக்குமாயின், என்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலாக்கி, சமதரையில் ஓட்டுநர் பிரேக்கில் காலை வைத்திருக்கச் சிலர் மெல்லத் தள்ளலாம். டயரில் சாக்கட்டியால் ஒரு குறி இடுக. சக்கரம் 10 முறை சுழல்வதற்குள் கேட்கும் தட்டுகளை எண்ணுக. 10 தட்டுகள் எனில் பழுது சக்கரத்தில். ஏறத்தாழ 54 எனில் புரொப்பெல்லர் தண்டின் வேகத்தில் சுழலும் உறுப்பில். அதன் இருமடங்கு எனில் கிராஸ் மூட்டை ஆராய்க.

பயிற்சி வினாக்கள்

1. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், டயரின் சுற்றளவு 2.2 மீட்டர், பின்னச்சின் விகிதம் 5.38 எனில், புரொப்பெல்லர் தண்டு நொடிக்கு எத்தனை முறை சுழலும்?

2. அதே வேகத்தில் இரண்டாம் கியரில் முன்தண்டு நொடிக்கு எத்தனை முறை சுழலும்? மூன்றாம் கியரில் எத்தனை?

3. நின்ற வண்டியில் நியூட்ரலில் கரகரப்பு கேட்கிறது. கிளச்சு மிதியை அழுத்தியதும் மறைகிறது. ஓடும்போது முதலிலும் இரண்டிலும் மிகுந்து, மூன்றில் மிகத் தணிகிறது. ஐயத்திற்குரிய உறுப்பு யாது? காரணம் கூறுக.

4. காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் பயன்படுத்தலாகாது என்பதை, வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் செல்லும் பாதைகளை வரைந்து விளக்குக.